பெயர் வெட்டிய பாத்திரங்கள்

காரைக்குடி முனீஸ்வரன் கோயில் தெருவின் பழம்பொருள் கடைகளுக்குள் நுழைந்தால் முதலில் கண்ணில் படுவது மரம். தேக்குத் தூண்கள், நிலைக்கதவுகள், பெயர்த்தெடுத்த சன்னல்கள். அடுத்து ரவிவர்மா படங்கள், பர்மா அரக்குப் பெட்டிகள், நின்றுபோன சுவர்க் கடிகாரங்கள். இவற்றையெல்லாம் பார்த்து ரசித்துவிட்டு நகர்ந்துவிடுகிறவர்கள்கூடப் பாத்திர அலமாரி முன்னால் நின்றுவிடுகிறார்கள். தூணை வாங்கினால் வைக்க வீடு வேண்டும். நீலக்கரை போட்ட எனாமல் தட்டை வாங்க ஒரு கைப்பை போதும். விலை கட்டுப்படியாகும், கையில் எடுத்துப் பார்க்கலாம், "நம்ம வீட்டுலயும் இப்படி ஒண்ணு இருந்துச்சு" என்ற நினைப்பும் சேர்ந்துகொள்ளும். பழம்பொருள் கடைக்குப் போய்ப் பாத்திரம் இல்லாமல் திரும்பி வருவது எளிதல்ல.

எனக்கும் அந்த ஆசை உண்டு. அது நல்ல ஆசை என்றே நினைக்கிறேன். ஆனால் இந்தப் பாத்திரங்கள் எப்படி வந்தன, எப்படி வாழ்ந்தன, ஏன் தெருவுக்கு வந்தன என்று தெரிந்துகொண்டு வாங்குவதற்கும், அழகாக இருக்கிறது என்று மட்டும் வாங்குவதற்கும் நிறைய வேறுபாடு இருக்கிறது.

அன்று: ஒரு பெண்ணுக்கு ஓர் அடுப்படி

காரைக்குடியைச் சுற்றியுள்ள செட்டிநாட்டு வீடுகளில் இவ்வளவு பாத்திரம் எதற்கு என்று வெளியூர்க்காரர்கள் வியப்பார்கள். பணம் இருந்தது, வாங்கினார்கள் என்று பதில் சொல்லிவிடலாம். அது பாதிப் பதில்தான். செட்டிநாட்டின் வணிகச் சமூகமான நகரத்தாரின் குடும்பங்களில் மகனுக்குக் கல்யாணம் ஆனதும் அவனையும் மருமகளையும் 'வேறு வைப்பது' வழக்கம். வீடு ஒன்றுதான். முகப்பும், நடுமுற்றத்தைச் சுற்றிய வளவும் எல்லாருக்கும் பொது. ஆனால் ஒவ்வொரு தம்பதிக்கும் தனி அறை, தனி அடுப்பு, தனிக் கணக்கு. ஐந்து மகன்கள் உள்ள வீட்டில் ஐந்து அடுப்பு எரியும். மாமியார் பாத்திரத்தில் மருமகள் சமைப்பாள் என்ற ஏற்பாடே அங்கே இல்லை. ஆகவே கல்யாணமாகி வரும் பெண் ஒரு முழு அடுப்படியைக் கூடவே கொண்டுவர வேண்டியிருந்தது.

அதனால்தான் பெண் குழந்தை பிறந்ததுமே தாய் பாத்திரம் சேர்க்கத் தொடங்கினாள். வெங்கலப் பானை, பித்தளைத் தவலை, செப்புக் கொப்பரை, உருளி, அரிசியில் கல் அரிக்கும் வரிவரியான அரிக்கன்சட்டி, ரசத்துக்கு ஈயச் செம்பு, குழிப்பணியாரச் சட்டி, இடியாப்பக் குழல், முறுக்குக் குழல், கரண்டி வகைகள், தாம்பாளங்கள், பயணத்துக்குக் கூஜா, அடுக்குத் தூக்கு. ஒவ்வொன்றிலும் சிறியது, நடுத்தரம், பெரியது என்று அடுக்கடுக்காக. கல்யாணத்தன்று இவை அத்தனையையும் வளவில் பரப்பி வைப்பார்கள். 'சாமான் பரப்புவது' ஊரே வந்து பார்க்கும் காட்சி. பெருமைக்காகச் செய்தார்கள் என்பது உண்மைதான். அதே நேரத்தில், இந்தப் பெண்ணோடு வந்த பொருள் இன்னது, இத்தனை என்று சாட்சிகள் முன்னால் உறுதி செய்யும் ஏற்பாடாகவும் அது இருந்தது.

பித்தளையும் செம்பும் இந்த மண்ணின் பட்டறைகளில் பிறந்தவை. எனாமலும் பீங்கானும் கடல் தாண்டி வந்தவை. 19ஆம் நூற்றாண்டின் பிற்பகுதி முதல் நகரத்தார் பர்மா, இலங்கை, மலாயா, இந்தோசீனா என்று கொடுக்கல் வாங்கல் தொழிலுக்குப் போனார்கள். ரங்கூனும் கொழும்பும் பினாங்கும் ஐரோப்பியச் சரக்கு இறங்கும் துறைமுகங்கள். ஸ்வீடனின் காக்கும்ஸ் ஆலை எனாமல், செக்கோஸ்லோவாகியாவிலும் ஆஸ்திரியாவிலும் செய்த தட்டுகள், ஜப்பான் பீங்கான் கோப்பைகள் எல்லாம் கப்பலேறிக் கானாடுகாத்தானுக்கும் தேவகோட்டைக்கும் வந்து சேர்ந்தன. இரும்புத் தகட்டின் மேல் கண்ணாடிப் பொடியைப் பூசி, ஏறக்குறைய 800 டிகிரி சூட்டில் சுட்டு உருக்கி ஒட்டவைப்பதுதான் எனாமல். புளிக்கு அஞ்சாது, களிம்பு ஏறாது, கழுவுவது சுலபம். பித்தளையைப் புளியும் சாம்பலும் போட்டுத் தேய்த்துத் தேய்த்துக் கைநொந்த பெண்களுக்கு அது எவ்வளவு பெரிய ஆறுதலாக இருந்திருக்கும்! இன்று நாம் பழமை என்று கொண்டாடுவதை அன்று அவர்கள் புதுமை என்று வரவேற்றார்கள்.

ஜாடிகளின் கதை இன்னும் பழையது. பர்மாவின் மர்தபான் துறைமுகத்தின் பெயரையே தாங்கிய மெருகிட்ட பெருஞ்ஜாடிகள் இந்தியப் பெருங்கடல் முழுவதும் புழங்கின. 14ஆம் நூற்றாண்டில் வந்த பயணி இப்ன் பதூதா, இஞ்சியும் மிளகும் எலுமிச்சையும் மாங்காயும் ஊறிய மர்தபான் ஜாடிகள் தனக்குப் பரிசாகக் கிடைத்ததை எழுதியிருக்கிறார். செட்டிநாட்டு வீட்டின் ஊறுகாய் ஜாடிக்குப் பின்னால் இவ்வளவு நீண்ட கடல்வழி இருக்கிறது.

அடியில் ஒரு பெயர்

கடையில் ஒரு பித்தளைத் தவலையைக் கையில் எடுத்தால் உடனே கவிழ்த்துப் பாருங்கள். அல்லது கழுத்துப் பக்கம் விரலை ஓட்டுங்கள். சின்னச் சின்னப் புள்ளிகளாகத் தட்டிய எழுத்துகள் விரலில் தட்டுப்படும். சிற்றுளியை வைத்துச் சுத்தியலால் ஒவ்வொரு புள்ளியாக வெட்டிய பெயர் அது. குடும்ப விலாசத்தின் முன்னெழுத்துகள் முதலில் வரும். அதன்பின் ஒரு பெண்ணின் பெயர். சிலவற்றில் ஊர்ப் பெயரும் உண்டு. எழுத்து கோணலாக இருக்கும். 'ணை'யும் 'லை'யும் பழைய வடிவத்தில், கொம்பு வளைந்து நிற்கும். 1978இல் தமிழ்நாட்டு அரசு எழுத்துச் சீர்திருத்தத்தை ஏற்பதற்கு முந்தைய எழுத்து அது.

பெயர் வெட்டியதற்கு நடைமுறைக் காரணம் இருந்தது. ஒரு வீட்டில் கல்யாணம் என்றால் பங்காளி வீடுகளிலிருந்தெல்லாம் அண்டாவும் குண்டானும் வந்து சேரும். விருந்து முடிந்து, கழுவிக் குவித்த பாத்திரத்தில் எது யாருடையது என்று பிரிக்கப் பெயர் வேண்டும். ஐந்து அடுப்பு எரியும் வீட்டில் கிணற்றடியில் கழுவ வைத்த செம்பு மாறாமல் இருக்கவும் பெயர் வேண்டும்.

இதில் என்னை மிகவும் நிறுத்தி வைப்பது வேறொன்று. வீட்டின் முகப்பில் இருப்பது ஆணின் விலாசம். நிலப் பத்திரத்தில் ஆண் பெயர். ரங்கூன் வட்டிக்கடைப் பலகையிலும் ஆண் பெயர். கணக்குப் பேரேடுகளிலும் அவர்கள்தான். அந்த வீட்டில் அறுபது எழுபது ஆண்டு வாழ்ந்து, புருஷன் கப்பலேறிப் போன மூன்று ஆண்டுக் கெடு முழுவதும் தனியாகக் குடித்தனம் நடத்திய ஆச்சியின் பெயர் அழியாமல் நிற்கும் இடம் இந்தப் பாத்திரம். சீராகக் கொண்டுவந்தது அவளுக்கே உரியது. கஷ்டம் வந்தால் அடகு வைப்பதும், மகளுக்குக் கொடுப்பதும் அவள் முடிவு. அந்தக் காலத்துப் பெண்களைப் பற்றிய எழுத்துச் சான்றுகள் குறைவு என்று வருந்துகிறோம். அடுப்படி முழுக்க அவர்கள் பெயர் வெட்டியிருந்தது, நாம்தான் அதை எடைக்குப் போட்டோம்.

நடுவில் நடந்தது

1930களின் உலகப் பெருமந்தத்தில் நெல் விலை விழுந்தது. பர்மிய விவசாயிகளால் கடனை அடைக்க முடியவில்லை. ஈடாக வைத்த நிலங்கள் நகரத்தார் கைக்கு வந்தன. கீழ் பர்மாவின் முக்கிய நெல் மாவட்டங்களில் ஏறக்குறைய நாலில் ஒரு பங்கு நிலம் அவர்களுடையதாகிவிட்டது. அவர்களுக்கு வேண்டியிருந்தது பணம், வந்ததோ நிலம். நிலத்தை இழந்த பர்மியருக்கு அது ஆறாத புண்ணாகியது. 1941 டிசம்பரில் ரங்கூன் மேல் ஜப்பானியக் குண்டுகள் விழுந்தன. 1942இல் இலட்சக்கணக்கான இந்தியர்கள் கப்பலிலும் கால்நடையாகவும் தப்பி வந்தார்கள். 1948இல் பர்மா விடுதலை பெற்றபின் நிலச் சட்டங்கள் வந்தன. 1962இல் இராணுவத் தளபதி நெ வின் ஆட்சியைப் பிடித்தபின் வங்கிகளும் கடைகளும் நாட்டுடைமையாயின. பெரிய வீடுகளைக் கட்டிய பணத்தின் ஊற்று அடைபட்டுப் போனது.

வருமானம் நின்ற வீட்டில் முதலில் வெளியேறுவது தங்கம், அடுத்தது வெள்ளி, அதற்கடுத்து செம்பும் பித்தளையும். ஆனால் பாத்திரங்களை வீட்டைவிட்டுத் துரத்தியது வறுமை மட்டுமல்ல. வசதியாக இருந்த வீடுகளிலிருந்தும், செட்டிநாட்டுக்கு வெளியே தமிழ்நாடு முழுவதிலும், அதே காலத்தில் அவை வெளியேறின. அதற்குக் காரணம் எவர்சில்வர்.

எவர்சில்வருக்கு ஈயம் பூச வேண்டாம், புளிபோட்டுத் தேய்க்க வேண்டாம். கீழே விழுந்தால் உடையாது, புதிதாக மின்னும். 1960, 70களில் தெருத்தெருவாக "பழைய பித்தளைக்கு எவர்சில்வர்" என்று கூவிக்கொண்டு வந்தார்கள். தூக்குத் தராசில் தவலையும் கொப்பரையும் ஏறின. பதிலுக்கு இரண்டு தட்டும் நாலு டம்ளரும் வந்தன. 1980களின் தொடக்கத்தில் சேலம் உருக்காலையும் உற்பத்தியைத் தொடங்கியபின் எவர்சில்வர் நம் நாட்டுச் சரக்கே ஆகிவிட்டது. மாற்றிக்கொண்ட பெண்களைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை. தினம் இரண்டு வேளை பித்தளை தேய்த்த கை எடுத்த முடிவு அது.

அடுப்பு மாறியதும் இன்னொரு காரணம். விறகடுப்பின் மூன்று குமிழ்களில் அமரச் செய்த உருண்டை அடிப் பானை, கேஸ் அடுப்பின் தட்டையான தாங்கியில் ஆடியது. பிரஷர் குக்கர் வந்தபின் வெங்கலப் பானைக்குச் சோறு வடிக்கும் வேலை போயிற்று. கல்யாணம் வீட்டிலிருந்து மண்டபத்துக்குப் போயிற்று. சமையலை ஒப்பந்தக்காரர் எடுத்துக்கொண்டார், அண்டாவும் குண்டானும் வாடகைப் பாத்திரக் கடையிலிருந்து வேனில் வந்து இறங்கின. நூறு பேருக்குச் சமைக்கும் கொப்பரை வீட்டில் இடத்தை அடைப்பதாகத் தோன்ற ஆரம்பித்தது. பிள்ளைகள் சென்னைக்கும் பெங்களூருக்கும் அமெரிக்காவுக்கும் போய்விட்டார்கள். ஒரே வீட்டுக்குப் பங்காளிகள் பல டஜன் பேர். ஓடு மாற்றுவது யார், ஒழுகும் கூரையைப் பார்ப்பது யார் என்ற கேள்விக்கு விடை இல்லாத இடத்தில் வீடு இடிகிறது. இடியும்போது மரம் ஒரு வண்டியிலும் பாத்திரம் இன்னொரு வண்டியிலும் ஏறுகின்றன. இரண்டும் வந்து சேரும் இடம் முனீஸ்வரன் கோயில் தெரு.

இன்று: எடையிலிருந்து முகத்துக்கு

அன்று பழைய பாத்திரத்துக்கு விலை என்றால் எடைதான். சேதாரம் கழித்து, உலோக விலையைப் போட்டுக் கொடுப்பார்கள். இன்று பார்வைக்கு விலை. ஒரே எடையுள்ள இரண்டு செம்புகளில் வடிவம் நல்லதாக இருப்பதற்கு இரண்டு மூன்று மடங்கு கேட்பார்கள். எடையே இல்லாத எனாமல் தட்டு, பித்தளையைவிட வேகமாக விற்கிறது. அன்று காயலாங்கடைக்காரர்கூடத் தொட மாட்டார் அதை, உருக்கினால் எதுவும் தேறாது என்பதால்.

வாங்குகிறவர்களும் மாறிவிட்டார்கள். பழைய வீடுகளைத் தங்கும் விடுதிகளாக மாற்றியவர்கள், சினிமாவுக்குக் கலை இயக்கம் செய்பவர்கள், உணவகம் தொடங்குபவர்கள், அடுக்குமாடி வீட்டின் வரவேற்பறையில் வைக்க உருளி தேடுபவர்கள், உணவைப் படம் எடுத்துப் போடும் இளைஞர்கள். உருளியில் தண்ணீர் ஊற்றிப் பூ மிதக்க விடுகிறார்கள். கூஜாவில் செடி வைக்கிறார்கள். அரிக்கன்சட்டி சுவரில் தொங்குகிறது. யுனெஸ்கோவின் உத்தேசப் பட்டியலில் 2014இல் செட்டிநாட்டுக் கிராமங்கள் சேர்ந்தபின் வருகிறவர்களின் எண்ணமும் கூர்மையாகியிருக்கிறது. "இது எந்த ஊர் வீட்டுச் சாமான்ண்ணே?" என்று கேட்டு வாங்குகிறவர்கள் இருக்கிறார்கள். அந்தக் கேள்வியைக் கேட்பது நல்லது. பதில் எப்போதும் கிடைக்காது, கிடைத்தாலும் முழுதாக நம்ப முடியாது. ஆனால் எல்லாரும் கேட்டால் கடைக்காரர்களும் விவரத்தைக் குறித்து வைக்கத் தொடங்குவார்கள்.

ஆசை மிகும்போது போலியும் வரும். புதுப் பித்தளையை அமிலத்தில் முக்கிக் கறுக்க வைத்து, 'நூறு வருஷச் சாமான்' என்று விற்பது எளிது. கண்ணை நம்பாமல் கையை நம்ப வேண்டும். உண்மையில் பழகிய பாத்திரம் எல்லா இடத்திலும் ஒரே மாதிரி தேய்ந்திருக்காது. பிடிக்கும் இடம் வழவழப்பாகவும், தரையில் உரசும் அடிவிளிம்பு தட்டையாகவும், கரண்டி சுழன்ற உள்பக்கம் மெல்லிய கோடுகளோடும் இருக்கும். தட்டிச் செய்த பாத்திரமானால் சுத்தியல் அடித்த சின்னச் சின்ன முகங்கள் வரிசையாகத் தெரியும். அமிலத்தால் வந்த கறுப்பு எல்லா மூலையிலும் ஒரே சீராக இருக்கும். பயன்பாட்டால் வந்த நிறம் அப்படி இருப்பதில்லை.

பீங்கானும் எனாமலும் முதுகிலேயே வயதைச் சொல்லும். 'செக்கோஸ்லோவாகியா' என்று முத்திரை இருந்தால், அந்த நாடு 1918இல் பிறந்து 1992 முடிவோடு இரண்டாகப் பிரிந்தது என்பதை நினைவில் கொள்ளுங்கள். தட்டு அந்த இடைவெளிக்குள்தான். ஜப்பான் கோப்பையில் 'நிப்பான்' என்று ஆங்கிலத்தில் இருந்தால் பெரும்பாலும் 1921க்கு முந்தையது. அமெரிக்கா தன் நாட்டுக்கு வரும் சரக்கில் அந்தப் பெயரை ஏற்க மறுத்தபின்தான் 'ஜப்பான்' என்று அச்சிடத் தொடங்கினார்கள். 'ஆக்கிரமிக்கப்பட்ட ஜப்பானில் செய்தது' என்ற பொருளில் ஆங்கில முத்திரை இருந்தால், போருக்குப்பின் அமெரிக்கப் படைகள் அந்த நாட்டை ஆக்கிரமித்திருந்த 1945 முதல் 1952 வரையிலான காலத்துச் சரக்கு. ஒரு சிறு முத்திரையில் ஒரு பேரரசின் வீழ்ச்சி அடங்கியிருக்கிறது.

சட்டத்தையும் தெரிந்துகொள்ள வேண்டும். 1972ஆம் ஆண்டின் தொல்பொருள் சட்டப்படி, 100 ஆண்டு கடந்த கலைப்பொருளும், கட்டடத்திலிருந்து பெயர்த்தெடுத்த பகுதியும் தொல்பொருள் ஆகும். தனியார் அவற்றை வெளிநாட்டுக்குக் கொண்டுபோக முடியாது. அயலில் வாழும் நம்மவர்கள் தாத்தா வீட்டு நினைவாகத் தூணோ பழைய விளக்கோ வாங்கிப் பெட்டியில் வைக்கும் முன் இதை யோசிக்க வேண்டும். 

இதில் சாப்பிடலாமா?

வாங்கிய தட்டில் சோறு போட்டுச் சாப்பிட வேண்டும் என்ற ஆசைதான் எனக்கு மிகவும் பிடித்த ஆசை. ஆனால் எல்லாப் பழைய பாத்திரத்துக்கும் அந்தத் தகுதி இல்லை.

பழைய பீங்கானின் மெருகிலும் வண்ணப்பூவிலும் காரீயம் இருக்கலாம். சிவப்பு, ஆரஞ்சு, மஞ்சள் நிறங்களில் காட்மியம் இருக்கலாம். புளிப்பு இவற்றைக் கரைத்து இழுக்கும். பீங்கானிலிருந்து உணவில் இறங்கும் காரீயத்துக்கு அமெரிக்காவே 1971இல்தான் வரம்பு கட்டத் தொடங்கியது. அதற்கு முந்தைய தட்டில் ரசம் சாதமோ, அந்த ஜாடியில் எலுமிச்சை ஊறுகாயோ வேண்டாம். காரீயம் குழந்தைகளின் மூளை வளர்ச்சியைக் கெடுக்கும், அதில் 'கொஞ்சம் பரவாயில்லை' என்ற அளவே கிடையாது. எனாமல் பெயர்ந்து, அடியில் இரும்பு கறுத்துத் தெரியும் தட்டும் சாப்பாட்டுக்கு ஆகாது. சில்லு உணவில் விழும். இவற்றைக் காய்ந்த பொருள் வைக்கவும் அலங்காரத்துக்கும் வைத்துக்கொள்ளலாம்.

செம்பும் பித்தளையும் வேறு கதை. ஈயம் பூசாமல் அவற்றில் புளிக்குழம்பு வைத்தால் களிம்பு ஏறி வயிற்றைக் கெடுக்கும். ஈயம் பூசினால் நூறாண்டுப் பாத்திரமும் நாளைக்கே அடுப்பேறும். இங்கே ஈயம் என்பது வெள்ளீயம். காரீயத்தோடு குழப்பிக்கொண்டு, மலிவாகக் கிடைக்கிறதே என்று தெரியாத இடத்தில் ஈயச் செம்பு வாங்குவது ஆபத்து. 

ஈயம் பூசுவதை அருகில் நின்று பார்த்தவர்களுக்கு அது மறக்காது. பாத்திரத்தின் உள்பக்கத்தை மணலும் புளியும் போட்டு உலோகம் சிவக்கும்வரை துலக்குவார்கள். துருத்தி ஊதும் கரி நெருப்பில் அதைச் சுழற்றிச் சுழற்றிச் சூடேற்றுவார்கள். பதம் வந்ததும் ஒரு சிட்டிகை நவச்சாரத்தைத் தூவுவார்கள். மூக்கில் ஏறும் வெண்புகை குப்பென்று எழும். ஈயக் குச்சியை உள்ளே ஓர் இழுப்பு இழுப்பார்கள். வெள்ளீயம் 232 டிகிரியிலேயே உருகிவிடும். உருகி ஓடும் துளியைப் பஞ்சுத் துணியால் வளைத்து வளைத்துத் துடைக்க, செம்பு முழுவதும் சில நொடிகளில் வெள்ளியாகிவிடும். உடனே தண்ணீரில் முக்குவார்கள். சூடு ஒரு பிடி கூடினால் ஈயம் கருகும், குறைந்தால் ஒட்டாது. கையில் அளவுகருவி எதுவும் இல்லை. நிறத்தைப் பார்த்தே பதம் சொல்லும் கண் மட்டும்தான். இப்படிப் பூசிய பாத்திரத்தை வெறுமனே அடுப்பில் காயவிடக் கூடாது, கம்பி நாரால் தேய்க்கவும் கூடாது. இந்த இரண்டையும் காத்தால் பல மாதம் நிற்கும்.

கடையில் கிடைக்காதது

இன்றைய குறை இங்கேதான் இருக்கிறது. பாத்திரம் திரும்பி வந்துவிட்டது, பாத்திரத்தைச் சுற்றியிருந்த கைகள் திரும்பவில்லை. ஈயம் பூசுகிறவர் முன்பு தெருவுக்கே துருத்தியோடு வருவார். இன்று பல ஊர்களில் ஒருவரைத் தேடிக் கண்டுபிடிப்பதே வேலை. அவருடைய மகன் வேறு தொழிலுக்குப் போய்விட்டார். அந்தப் புகையில் வாழ்நாள் முழுக்க நின்றும் கூலி போதாத தொழிலை அவர் ஏன் தொடர வேண்டும்? பெயர் வெட்டுகிறவரிடம் இப்போது மின்சாரக் கருவி இருக்கிறது, வேலைதான் இல்லை. நாச்சியார்கோயிலில் வெண்கலமும் பித்தளையும் வார்க்கும் குடும்பங்கள் பெரும்பாலும் குத்துவிளக்கை நம்பியே நிற்கின்றன. புதிதாக ஓர் உருளி செய்யச் சொல்லிப் போகிறவர்கள் மிகச் சிலர். பழைய உருளிக்குப் பெருந்தொகை கொடுக்கத் தயங்காத நாம், அதே வேலையைச் செய்யத் தெரிந்து இன்று உயிரோடு இருக்கும் கைக்கு நியாயக் கூலி கொடுக்கப் பேரம் பேசுகிறோம்.

பொருளைக் காப்பாற்றிய முயற்சிகளை நன்றியோடு சொல்ல வேண்டும். அகமதாபாத்தில் சுரேந்திர பட்டேல் என்பவர், உருக்குவதற்குப் போய்க்கொண்டிருந்த பழைய பாத்திரங்களைச் சேர்த்து, 1981இல் பாத்திரங்களுக்கென்றே ஓர் அருங்காட்சியகம் திறந்தார். சென்னைக்கு அருகே முட்டுக்காட்டில் 1996இல் தொடங்கிய தக்ஷிணசித்ராவில் ஒரு செட்டிநாட்டு வீட்டையே பெயர்த்துக்கொண்டுவந்து நிறுத்தியிருக்கிறார்கள். குழந்தைகளைக் கூட்டிக்கொண்டு போய்க் காட்ட வேண்டிய இடங்கள். ஆனாலும் அருங்காட்சியகத்துப் பாத்திரத்தில் பொங்கல் பொங்காது. பொருள் பிழைக்க ஓர் அலமாரி போதும். தொழில் பிழைக்க அடுப்பு எரிய வேண்டும்.

சில வீடுகளில் இன்னும் எரிகிறது. முன்னோருக்குப் படைப்பு நடக்கும் வீடுகளில் ஆண்டுக்கு ஒருமுறை பங்காளிகள் எங்கிருந்தெல்லாமோ வந்து கூடும்போது, பூட்டிய அறையிலிருந்து பழைய பாத்திரங்கள் வெளியே வருகின்றன. அவற்றை முன்கூட்டியே துலக்கி, ஈயம் பூசி, சமைத்து, எண்ணிப் பார்த்துத் திரும்ப வைக்கிறார்கள். அந்த ஒரு நாளுக்காகத்தான் பக்கத்து ஊரில் ஓர் ஈயம் பூசுகிறவரின் துருத்தி இன்னும் ஊதிக்கொண்டிருக்கிறது.

ஆகவே, பழம்பொருள் கடைக்குப் போகிறவர்களை நான் தடுக்க மாட்டேன். போங்கள், ஆசைப்படுங்கள், வாங்குங்கள். பத்து வாங்குவதைவிட, அடுப்பேறக் கூடிய ஒன்றைப் பார்த்து வாங்குங்கள். செம்போ பித்தளையோ ஆனால் வாங்கிய வாரமே ஈயம் பூசுகிறவரைத் தேடிப் போங்கள். அவர் கேட்கும் கூலியைப் பேரம் பேசாமல் கொடுங்கள், அக்கம்பக்கத்தாரிடமும் அவரைச் சொல்லுங்கள். மெருகு போடுகிறவர், "இந்த எழுத்தைத் தேய்ச்சு எடுத்துடவாம்மா, பளிச்சுனு ஆயிடும்" என்று கேட்டால் வேண்டாம் என்று சொல்லுங்கள். அது கறையல்ல, ஒரு பெண் தனக்கென்று வைத்திருந்த சொத்தின் பத்திரம். உங்கள் மகளின் பெயரை அதன் கீழேயே வெட்டச் சொல்லுங்கள். பிறகு அதில் சமையுங்கள்.